பகடைக்குக் கர்மக் கணக்கு தெரியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டைப் பற்றி வந்த கட்டுரையை ஒட்டி, சென்ற வாரம் இரண்டு வாசகர்களின் கடிதங்கள் வந்திருந்தன. ஆட்டத்தில் செத்துப்போன பாத்திரம் ரீஇன்கார்னேட் என்ற மந்திரத்தால் திரும்பி வரும்போது, எந்த இனத்தின் உடம்பில் வரும் என்பதைப் பகடையிடம் விடலாமா என்பது அவர்கள் பேசிய விஷயம். ஒருவர், ஆடுபவருக்குப் பிடித்த உடம்பு விழும் வரை திரும்பத் திரும்ப உருட்டலாம் என்கிறார். மற்றவர், ஆட்டத்தை நடத்துபவரே அந்தப் பாத்திரம் வாழ்ந்த லட்சணத்தைப் பார்த்து அடுத்த பிறவியைக் கொடுக்கட்டும் என்கிறார். நல்லவனுக்கு எல்ஃப் என்ற நீண்ட ஆயுள் கொண்ட அழகிய இனம், அயோக்கியனுக்கு கோபோல்ட் என்ற பல்லி போன்ற குட்டிப் பிராணி. எனக்கு இரண்டும் ஒப்பவில்லை. இரண்டாவது கொஞ்சம்கூட ஒப்பவில்லை.

நான் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இந்த ஆட்டம் நடக்கிறது. மகளும் அவளுடைய சிநேகிதர்களும் ஆடுகிறார்கள், நான் நடத்துகிறேன். அவர்கள் பாஷையில் நான் 'டிஎம்', அதாவது டன்ஜன் மாஸ்டர். விதிப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படிக்கிற பொறுமை அந்தக் கூட்டத்தில் வேறு யாருக்கும் இல்லாததால் கிடைத்த பதவி. பிள்ளைகள் என்னை 'மிஸ்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்; டிராகனாக நான் உறுமும்போதும் மிஸ்தான்.

ஆடாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆளுக்கொரு பாத்திரம். அதன் வலிமை, சாமர்த்தியம், இனம், தொழில் எல்லாம் ஒரு தாளில் எண்களாக இருக்கும். என்ன செய்யப்போகிறேன் என்று ஆடுபவர் சொல்வார், பலிக்குமா என்பதை இருபது பக்கப் பகடை சொல்லும். பாத்திரம் சாகலாம். செத்ததை எழுப்பவும் மந்திரங்கள் உண்டு. இப்போது நாங்கள் ஆடுவது 2014-ல் வந்த விதிகளின்படி.

எழுப்ப வழி இருக்கும்போது எதற்கு இன்னொரு உடம்பு என்று கேட்கலாம். ரெய்ஸ் டெட் என்ற மந்திரத்துக்கு 500 பொற்காசு மதிப்புள்ள வைரம் வேண்டும், அதோடு உடலும் உருப்படியாக இருக்க வேண்டும். தலை இல்லையென்றால் மந்திரம் பலிக்காது. எங்கள் மேசையில் ஹாஃப்-ஆர்க் பார்பேரியன் ஒருவன் இருந்தான்; பாதி மனிதன், பாதி ஆர்க் என்ற முரட்டு இனம், தொழில் வெறிகொண்டு வெட்டும் போர்வீரன். இடும்பன் என்று பெயர். எதிர் வீட்டு இன்ஜினியரிங் பையன் வளர்த்த பாத்திரம். ஒன்பதாவது லெவலில், காட்டுக்குள் பச்சை டிராகனின் விஷ மூச்சில் விழுந்தான். உடலை டிராகன் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கோடரியும் ஒரு கையும்தான் மிச்சம். ரீஇன்கார்னேட்டுக்கு உடலின் ஒரு துண்டு போதும். செத்துப் பத்து நாளைக்குள் இருக்க வேண்டும், 1,000 பொற்காசு மதிப்புள்ள அரிய எண்ணெய்களும் களிம்புகளும் வேண்டும், ஒரு மணி நேரம் ஆகும். என் மகளின் பாத்திரமான ட்ரூயிடுக்கு, அதாவது காட்டின் சக்தியால் மந்திரம் செய்பவளுக்கு, அப்போதுதான் ஒன்பதாவது லெவல் வந்து, இந்த மந்திரம் கைக்கு எட்டியிருந்தது. ஆக, அன்றைக்கு வேறு வழியே கிடையாது.

மறு உருட்டல் கேட்கும் வாசகர் ஒரு வரியைத் தாண்டிப் போயிருக்கிறார். இறந்தவரின் உயிர் சம்மதித்தால்தான் மந்திரம் பலிக்கும் என்று புத்தகத்திலேயே இருக்கிறது. உயிர் என்றால் மேசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அந்தப் பையன்தான். அவனைக் கேட்க வேண்டிய நேரம் பகடை உருளும் முன்பு. உருண்ட பிறகு கேட்டால் அதற்குப் பெயர் பேரம். ஒருவனுக்கு மறுபடி உருட்டிவிட்டு, அடுத்த மாதம் இன்னொருத்திக்கு மாட்டேன் என்றால் மேசையில் யார் இருப்பார்கள்?

அதனால் எங்கள் வீட்டில் நடைமுறை இப்படி. மந்திரம் சொல்லும் முன் ஆட்டம் நிற்கும். செத்தவரை ஆடியவரிடம் 2014 பட்டியலைக் கொடுப்பேன். ஒன்றிலிருந்து நூறு வரை எண்கள், பத்துப் பக்கப் பகடை இரண்டை உருட்டிப் பார்ப்பது. அதில் 77-லிருந்து 96 வரை மனிதன். ஐந்தில் ஒரு தடவை மனிதப் பிறவிதான், பலர் இதைக் கவனிப்பதில்லை. டிராகன்பார்ன் என்ற டிராகன் மனிதர் நான்கு எண், ஹாஃப்-ஆர்க் நான்கு எண், டீஃப்லிங் என்ற கொம்பு முளைத்த இனம் நான்கு எண். குள்ளர் வகை இரண்டையும் சேர்த்தால் பதினேழு. இதில் சத்தியமாக ஆட முடியாது என்பது எதுவாவது இருந்தால் இப்போதே கோடு போட்டு அடித்துவிடு, காரணம் கேட்க மாட்டேன். எதுவுமே வேண்டாமென்றால் உயிர் மறுத்துவிட்டது என்று வைத்துக்கொண்டு புதுப் பாத்திரம் எழுது. அடித்தது போக மிச்சத்தில் எது விழுந்தாலும் அதுதான், மாற்றம் கிடையாது.

இடும்பனின் பையன் டார்க் எல்ஃபை மட்டும் அடித்தான். வெயிலில் அதற்குக் கண் கூசும், அடிக்கும் அடியெல்லாம் இரண்டு பகடையில் குறைந்ததை எடுக்கும் பாதகத்தோடுதான். பகலில் காட்டில் அலையும் கூட்டத்துக்கு அது தண்டனை, அவன் சொன்னது நியாயம். பகடை 49 காட்டியது. ராக் நோம் என்ற குட்டை இனம்.

"மிஸ், இதுக்குப் பேசாம செத்தே போயிருக்கலாம்" என்றான். மேசையே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

ஆறடிக்கு மேல் நின்றவன் இப்போது மூன்றரை அடி. இனம் தரும் நடை வேகம் 30 அடியிலிருந்து 25. வலிமை 18-லிருந்து 16-க்கு இறங்கியது, ஹாஃப்-ஆர்க்கின் கூடுதல் இரண்டு போய்விட்டதால். அதைவிட அவனுக்கு வலித்தது கோடரி. கிரேட்ஆக்ஸ் கனமான ஆயுதம். சிறிய உருவத்தினர் கனமான ஆயுதம் தூக்கினால் இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததைத்தான் எடுக்க வேண்டும்.

இந்த இடத்தில் டிஎம் பாதி பேர் அனுதாபப்பட்டு விதியை வளைத்துவிடுகிறார்கள். நான் கரும்பலகைக்காரி, கணக்குப் போட்டுக் காட்டினேன். கவச எண் 16 உள்ள எதிரி மேல் இடும்பனின் அடி முன்பு 65 சதவீதம் படும். அதே பெரிய கோடரியை நோம் தூக்கினால் 36 சதவீதம். சரி, அழ வேண்டியதுதான். ஆனால் பேட்டில்ஆக்ஸ் என்ற சாதாரணப் போர்க் கோடரி கனமான ஆயுதத்தில் சேராது. அதை இரு கையால் பிடித்தால் 60 சதவீதம், அடியின் சராசரியில் பகடை அளவில் ஒரு புள்ளிதான் குறைகிறது, வலிமை இறங்கியதால் இன்னொன்று. இரண்டு பகடை உருட்டி நல்லதை எடுக்கும் பார்பேரியனின் மூர்க்கத் தாக்குதலையும் சேர்த்தால், அன்றைக்கு 87.75 சதவீதம், இன்றைக்கு 84. வெறி அப்படியே இருக்கிறது, இரட்டைத் தாக்கு அப்படியே இருக்கிறது. போதாததற்கு நோமுக்குப் பிறவியிலேயே ஒரு கொடுப்பினை: புத்தியையும் மனத்தையும் மயக்கும் மந்திரங்களை எதிர்க்க இரண்டு பகடை உருட்டி நல்லதை எடுக்கலாம். மந்திரத்தில் மயங்கித் தன் கூட்டத்தையே வெட்ட ஓடுவது இடும்பனின் பழைய நோய். தாளை வாங்கிப் பார்த்தான், ஒன்றும் பேசவில்லை, கோடரியின் பெயரை அழித்து எழுதினான்.

எண்களைவிடத் தகராறு வருவது வேறு இடத்தில். 2014 புத்தகம், பழைய ஆற்றல்கள் இருக்கும், இனத்தின் குணங்கள் மட்டும் மாறும் என்கிறது. கேட்கத் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் இனக் குணங்கள் என்ற தலைப்பின் கீழ் இருட்டில் தெரியும் கண்ணும் இருக்கிறது, பேசும் மொழியும் இருக்கிறது, ஆயுதப் பயிற்சியும் இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து பார்த்தால், குள்ளனாகப் பிறந்தவன் கண் விழித்த நிமிஷமே சுத்தியலும் கோடரியும் வீசத் தெரிந்தவனாக எழுந்திருப்பான். பிள்ளைப் பிராயத்திலிருந்து பேசிய ஆர்க் மொழியை இடும்பன் மறந்துவிட்டு, ஒருநாளும் கேட்டிராத நோம் மொழியைப் பேசுவான். வீடு மாறினால் சமையல் மறந்துபோகுமா?

என் தீர்ப்பு: உடம்பைச் சேர்ந்தது புது உடம்போடு வரும், கற்றது உயிரோடு கூடவே வரும். கண், கால், உயரம், விஷத்தைத் தாங்கும் குடல், டிராகன்பார்னின் நெருப்பு மூச்சு எல்லாம் உடம்பு. மொழி, ஆயுதப் பயிற்சி, முதல் லெவலில் மனிதனாக எடுத்த விசேஷத் திறமை எல்லாம் கற்றது. அந்த விசேஷத் திறமையில்தான் பெரிய சண்டை வரும், ஏனென்றால் சில பேர் மனித இனத்தை எடுப்பதே அதற்காகத்தான். என் மேசையில் அது பறிபோகாது. அதற்கு ஈடாக, புது இனம் கொடுக்கும் புள்ளி உயர்வு கிடையாது. இரண்டில் ஒன்று.

இதை நானாகக் கட்டிச் சொல்லவில்லை. இதே ஆட்டத்தின் 2003-ல் வந்த 3.5 பதிப்பை எடுத்துப் பாருங்கள். அதில் புது உடம்புக்கான அட்டவணையில் வலிமை, சுறுசுறுப்பு, உடலுறுதி மூன்றுக்கு மட்டும்தான் மாற்றம். புத்தி, ஞானம், வசீகரம் பற்றிப் பேச்சே இல்லை. கற்ற திறமைகள் இருக்கும் என்று நேராகவே எழுதியிருக்கிறார்கள். (ஒரு லெவல் குறையும் என்ற கொடுமையும் அதிலேயே இருந்தது. நல்ல வேளை, போயிற்று.) 2024-ல் வந்த புதிய புத்தகத்தில் புள்ளி உயர்வுகள் பிறப்பை விட்டு, பாத்திரம் முன்பு என்ன வேலை பார்த்தது என்ற பின்னணிக்குப் போய்விட்டன, மொழியும் இனத்தோடு ஒட்டி வருவதில்லை, கனமான ஆயுதத்துக்கும் உருவம் ஒரு தடையில்லை, வலிமை 13 இருந்தால் போதும். அந்த விதிப்படி ஆடியிருந்தால் இடும்பன் பெரிய கோடரியைக் கீழே வைத்திருக்கவே வேண்டாம். நடுவில் வந்த 2014 புத்தகம்தான் கொஞ்சம் குழப்பிவிட்டது.

இனி இரண்டாவது வாசகர். வாழ்ந்ததற்கு ஏற்ற பிறவி என்ற அவருடைய யோசனை புதிதென்று அவர் நினைக்கிறார் போலும். இந்த ஆட்டத்தை உருவாக்கிய கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-ல் வெளியிட்ட முதல் புத்தகத்திலேயே அப்படித்தான் இருந்தது. அதில் பாத்திரங்களும் பிராணிகளும் ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்று மூன்று கட்சி. செத்தவர் எந்தக் கட்சியோ அந்தக் கட்சியின் பட்டியலிலிருந்துதான் புது உரு. ஒழுங்குக்காரருக்கு யூனிகார்ன் என்ற ஒற்றைக்கொம்புக் குதிரை கூடக் கிடைக்கலாம், குழப்பக்காரருக்கு கோப்ளின், ட்ரால் போன்ற அரக்கர்கள். மனிதனாகத் திரும்பினாலும் எந்தத் தொழில், எந்த லெவல் என்று மறுபடி பகடை. நான்கு வருஷம் கழித்து வந்த அட்வான்ஸ்டு பதிப்பில் அந்தக் கணக்கை விட்டார்கள். ட்ரூயிடின் பட்டியலில் ஆந்தை, நரி, காட்டுப்பன்றி, கரடி, கலைமான் எல்லாம் இருந்தன. மந்திரவாதியின் பட்டியலில் ஆர்க், கோபோல்ட், ட்ரால். அந்தப் பதிப்பில் எல்ஃப் செத்தால் ரெய்ஸ் டெட் பலிக்காது, ஆகவே பல எல்ஃபுகளுக்கு ஆந்தையோ நரியோ ஆகும் அபாயத்தை ஏற்பதுதான் பக்கத்து வழி.

ஆந்தையாகப் பிறந்தவரை வைத்து எப்படி ஆட்டம் நடத்தினார்களோ! எனக்கு ஒரு சாயங்காலமாவது பார்க்க ஆசை.

ஆனால் கட்சி பார்த்துப் பிறவி கொடுத்த அந்த 1974 விதி போனதில் எனக்கு வருத்தமே இல்லை. போன ஜன்மத்தில் செய்தது இந்த ஜன்மத்தில் வந்து பிறந்திருக்கிறது என்ற வாக்கியத்தை நம் ஊரில் யார் யாரைப் பார்த்துச் சொன்னார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். கிணற்றுக்கு வராதே என்று சொன்ன வாய்தான் அதையும் சொன்னது. நான் வேலை பார்த்த பள்ளிக்கூடம் ஒன்றில், ஓய்வறையில் உட்கார்ந்து, ஒரு பையனின் தெருப் பெயரைக் கேட்டுவிட்டு "அதுங்க தலையெழுத்து" என்று சொன்ன சக ஆசிரியரை எனக்குத் தெரியும். விளையாட்டில்கூட ஒரு நடுவரை உட்கார வைத்து, நீ வாழ்ந்த யோக்கியதைக்கு உனக்கு இந்தப் பிறவிதான் என்று தீர்ப்பு எழுத நான் தயாரில்லை. கோபோல்டாகப் பிறப்பது தண்டனை என்று எழுதிவிட்டால், அந்த உலகத்தில் ஏற்கெனவே இருக்கிற கோபோல்டுகள் எல்லாம் என்ன, ஜெயிலில் இருக்கிறார்களா?

பகடைக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. 49 விழுந்தது, அவ்வளவுதான். உனக்கு இது கிடைக்க வேண்டியதுதான் என்று யாரும் இடும்பனைப் பார்த்துச் சொல்ல முடியாது. இந்தக் கண்மூடித்தனத்துக்காகவே நான் பகடை பக்கம் நிற்கிறேன்.

கிண்டலைப் பற்றியும் சொல்ல வேண்டும். குட்டை உடம்பு வந்ததும் மேசையில் ஆரம்பித்துவிடும்: தோளில் தூக்கி வைத்துக்கொள்வோமா, பால் காய்ச்சவா. புது உடம்பைப் பற்றிய முதல் ஜோக்கை அந்த உடம்புக்காரர் அடிக்கும் வரை மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். ரொம்ப நேரம் ஆகவில்லை. ட்ரூயிடின் இடுப்புப் பட்டையைத் தனக்கு வேட்டியாகக் கட்டிக்கொண்டதாக அவனே சொன்னான். அன்றிலிருந்து அவன் கேலிக்கு மற்றவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை.

உலகம் அவனை வேறு மாதிரி பார்க்கும்படி செய்வது டிஎம் வேலை. முன்பு அவனைக் கண்டு கதவைச் சாத்திய கிராமத்தில் இப்போது ஒரு கிழவி கூப்பிட்டு முறுக்கு கொடுக்கிறாள். (எந்த ஐரோப்பியக் கோட்டையாக இருந்தாலும் என் ஆட்டத்தில் முறுக்கு உண்டு.) அவனுக்குக் கோபம் வந்தது. "அதே ஆள்தானே நான்?" என்று கேட்டான். கிழவியாக நான் பதில் சொல்லவில்லை, இன்னொரு முறுக்கு கொடுத்தேன். நோம்கள் வாழும் மலைக்கிராமத்தில், பேச்சு புரியாமல் ஆர்க் மொழியில் வைதுகொண்டே நடக்கும் நோமை எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். எந்தக் குடும்பம், யார் பிள்ளை என்று கேட்டார்கள். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

நான் எதிர்பார்க்காததை அவனே தோண்டி எடுத்தான். ஹாஃப்-ஆர்க்குகள் 75 வயதைத் தாண்டுவது அபூர்வம் என்று புத்தகம் சொல்கிறது. நோம்கள் 350-லிருந்து 500 வருஷம் வரை இருப்பார்கள். மந்திரம் வளர்ந்த உடம்பைத்தான் கொடுக்கும். சீக்கிரம் சாகப்போகிறோம் என்றே வாழ்ந்தவன் இடும்பன். சேர்த்து வைக்க மாட்டான், கதவைத் தட்ட மாட்டான், உடைப்பான். அந்த வாரம் நடுராத்திரிக் காவலில் என் மகளின் ட்ரூயிடிடம் கேட்டான்: "நீங்க எல்லாரும் போன பிறகு இன்னும் முன்னூறு வருஷம் நான் என்ன பண்ணுவேன்?" அவள் பாத்திரம் மனுஷி. பிழைக்க வைத்தோம் என்ற சந்தோஷத்தில் இருந்தவள், பதில் சொல்ல முடியாமல் என்னைப் பார்த்தாள். நான் விதிப் புத்தகத்தைப் புரட்டுவது போல் பாவனை செய்தேன். இன்றைக்கு அவன் கிடைக்கும் காசில் பாதியை ஒரு மரப்பெட்டியில் போட்டு வைக்கிறான். பிடித்த உடம்பு வரும் வரை உருட்டியிருந்தால் இந்தப் பேச்சு வந்திருக்குமா என்று முதல் வாசகர் யோசிக்க வேண்டும்.

சிலர் கையில் இருக்கும் எல்லா இணைப்புப் புத்தகங்களிலிருந்தும் இனங்களை அள்ளிப் போட்டுப் பெரிய பட்டியல் செய்கிறார்கள். ஆரகோக்ரா என்ற பறவை மனிதர் 2015 இணைப்பில் 50 அடி பறப்பார். செத்ததற்குப் பரிசாக ஒருவருக்கு முதல் நாளிலிருந்து இறக்கை முளைத்தால், சாகாமல் ஒழுங்காக ஆடிய மற்றவர்கள் முகம் போகும் போக்கை நான் பார்க்க விரும்பவில்லை. புத்தகத்தில் உள்ள பட்டியலே போதும்.

தங்கள் கட்டுரையில் இரண்டு திருத்தங்கள். இறந்து ஒரு வாரத்துக்குள் மந்திரம் செய்ய வேண்டும் என்று அச்சாகியிருந்தது 2003 பதிப்பின் கணக்கு. 2014-ல் பத்து நாள். இன்னொன்று, புது உடம்பைப் பகடைதான் தீர்மானிக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நடத்துபவர் தாமே ஓர் உருவைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற வரியும் அதே பத்தியில் இருக்கிறது. இரண்டாவது வாசகர் அந்த வரியைக் காட்டி எனக்குப் பதில் எழுதக்கூடும், எழுதட்டும். அந்த உரிமை எனக்கும் தெரியும்; வேண்டாம் என்று வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியை,
திருவரங்கம்.